அல்சூர் மாடி அறை: பத்துப் பொம்மை, எட்டு மாதம்

பெங்களூர் அல்சூரில் ஒரு மாடி அறை, கட்டைவிரல் கணு அளவுப் போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து, அவற்றை வைத்து மேசையில் விளையாடும் இடம். முதலில் காசு விவரம். இந்த இடத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மேசைக்கு ஒரு நாள் கட்டணம் 250 ரூபாய். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். பெயின்ட், பிரஷ், மேசை விளக்கு, தண்ணீர் டப்பா எல்லாம் அதிலேயே அடக்கம். பெயின்டிங் வகுப்பு நான்கு ஞாயிறு சேர்த்து 2,400. ரெசினில் (ஒளி பட்டால் இறுகும் பிசின்) 3டி பிரின்ட் எடுத்துத் தரும் பொம்மை, ஓர் ஆள் உருவம் என்றால் 120 முதல் 180 வரை, குதிரைவீரன் 350, டிராகன் மாதிரி பெரிதாக ஏதாவது கேட்டால் எவ்வளவு ரெசின் குடிக்கும் என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். எட்டு மாதத்தில் எனக்கு மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆகியிருக்கிறது, நான் சொந்தமாக வாங்கிய இரண்டு நல்ல பிரஷும் அதில் சேர்த்தி.

இடம் அல்சூர். மெட்ரோவில் ஹலசூரு ஸ்டேஷனில் இறங்கி பஜார் தெருப் பக்கம் நடந்தால் வந்துவிடும். கீழே ஸ்டேஷனரி கடை, முதல் மாடியில் ஒரு தையல்காரர், அதற்கும் மேலே இந்த அறை. பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவர்கள் ஒரு தம்பதி. அண்ணனுக்கு வேலூர்ப் பக்கம், அக்கா கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். மொத்தமே எட்டு நாற்காலிதான் இருக்கிறது, பெயர் போட்டு எழுதினால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அக்கா கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. தேடி வருபவர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 28 மில்லிமீட்டர் அளவு என்று சொல்லப்படும் சின்னச் சின்ன வீரர்கள், மந்திரவாதிகள், பூதங்கள், எலும்புக்கூடுகள். கட்டைவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரை இருக்கும் நீளம்தான் ஓர் ஆளின் உயரம். அவற்றை நாமே சுத்தம் செய்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, இடிந்த சுவரும் மரமும் வைத்த மேசையில் நிறுத்தி, இன்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது, ஒரு ஆள் எந்தச் சுவருக்குப் பின்னால் எவ்வளவு மறைந்து நிற்கிறான் என்பதுகூடக் கணக்கில் வரும். உலக அளவில் பெரிய பெயர் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்ஷாப். அவர்களுடைய வார்ஹாமர் 1983-இல் வந்தது, இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள்.

நானும் அப்படித்தான் வந்தேன். மூன்று வருடம் முன்னால் ஒரு பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், அது சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்தது, கடைசியில் கூரியர்காரர் வாசலில் நின்று கேட்ட வரித் தொகையைப் பார்த்து, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏறியது, 2023-இல் 70 ஆனது. இது தவிர 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தரச் சான்றும் கட்டாயம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதுதான், மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பத்து வீரர்களை வைத்து விளையாட ஆசைப்படும் ஒரு சம்பளக்காரனுக்கு உள்ளூரில் பிரின்ட் எடுத்துத் தரும் ஆள்தான் வழி. இந்த அறை எனக்கு முதலில் அப்படித்தான் பழக்கமானது.

பிரின்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வடிவமைப்பாளர்கள் விற்கும் கம்ப்யூட்டர் கோப்புகளைக் காசு கொடுத்து, விற்பதற்கான உரிமத்தோடு வாங்கித்தான் அக்கா பிரின்ட் எடுக்கிறார், எங்கேயோ இலவசமாக இறக்கிய கோப்புகளைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். திரவ ரெசினில் 405 நானோமீட்டர் ஒளி பட்டு அடுக்கடுக்காக இறுகி உருவம் வரும். ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர், முகம் முக்கியமான உருவத்துக்கு 0.03 வைக்கிறார். 0.03 என்றால் பிரின்ட் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் கன்னத்திலும் தோளிலும் வரிவரியாகத் தெரியும் படிகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். என் மந்திரவாதியின் தாடியில் சடை தனித்தனியாகத் தெரிகிறது, இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தில் மூன்று சாவி எண்ணலாம்.

குறை ஒன்று உண்டு, சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் முறை வாங்கிய நான்கு பொம்மையில் ஒன்றின் மேலங்கி மடிப்புக்குள் பிசுபிசுப்பு இருந்தது. கழுவியது போதவில்லை. இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் லேசாகப் பட்டாலே அரிக்கும் என்பார்கள். எனக்கு ஆள்காட்டி விரல் இரண்டு நாள் சிவந்திருந்தது. திங்கட்கிழமை போன் செய்தேன். அக்கா மறுப்பே சொல்லவில்லை. "தப்பு எங்களோடதுதான் தம்பி, அதைத் தொடாதீங்க, கவர்ல போட்டுக் கொண்டாங்க" என்றார். புதிதாக ஒன்று பிரின்ட் எடுத்துக் கொடுத்ததோடு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை கழுவுவது, பழைய பல்துலக்கியால் மடிப்பைத் தேய்ப்பது, காய்ந்த பிறகு புற ஊதா விளக்கடியில் திருப்பித் திருப்பி வைப்பது எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். கையுறை போட்ட பிறகுதான் காட்டினார். அதற்கப்புறம் வாங்கிய எதிலும் அந்தப் பிரச்சினை வரவில்லை. ஆனாலும் பிரின்டர் இருக்கும் மூலைக்கும் நாம் உட்காரும் மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது, மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்தினால் வாடை வருகிறது. அங்கே ஒரு கதவும் வெளியேற்றும் விசிறியும் கட்டாயம் வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் பிரின்டர் ஓடாத நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இனி பெயின்டிங் வகுப்பு. இந்த இடத்தின் உயிர் அதுதான்.

முதல் ஞாயிறு முழுக்க நிறம் என்று ஒன்றையும் தொடவிடவில்லை. பிரின்ட் ஆகும்போது உருவத்தைத் தாங்கிய கால்களை வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்ப்பது, சோப்புத் தண்ணீரில் கழுவுவது, பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் பிரைமர் அடிப்பது. நான் வகுப்பில் சேர்ந்தது ஜூலை, வெளியே பொசபொசவென்று தூறல். ஸ்பிரே பிரைமர் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகப் பார்த்தவரை அண்ணன் தடுத்து, முந்தின வருடம் மழை நாளில் அடித்த ஒரு எலும்புக்கூட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். விபூதி பூசியது போல மேலெல்லாம் சொரசொரப்பான வெள்ளைப் பொடி. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் ஸ்பிரே துளிகள் உருவத்தின்மேல் சரியாகப் படிவதில்லை, அதற்குமேல் எத்தனை அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அந்தச் சொரசொரப்பு போகாது. பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நல்லது என்பது அவர் முடிவு. பூசுவதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு பொம்மைகூட வீணாகவில்லை.

அடுத்தது பெயின்டைத் தண்ணீர் விட்டு இளக்குவது. இதை எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன், எதிலும் புரியாதது அவர் ஒரே வார்த்தையில் சொன்னபோது புரிந்தது: "தோசை மாவுப் பதம் வேண்டாம், நீர்மோர்ப் பதம் வேணும்." அந்தப் பதத்தில் ஒரு பூச்சு அடித்தால் அடியிலிருப்பது தெரியும், மனசு கேட்காமல் திரும்பவும் அள்ளிப் பூசத் தோன்றும். காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாவது பூச்சு அதே பதத்தில் அடிக்கும்போது நிறம் சமமாக வந்து நிற்கும், தாடிச் சடையும் சாவிக்கொத்தும் அப்படியே இருக்கும். திக்காக அப்பினால் அந்த நுணுக்கமெல்லாம் மூடிப்போய் அக்கா 0.03-இல் பிரின்ட் எடுத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

பெயின்ட் காயாமல் இருக்க ஈரப் பேலட், அதாவது ஈரம் காக்கும் பெயின்ட் தட்டு வேண்டும். கடையில் விற்பதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறார்கள். இங்கே சாப்பாட்டு டப்பா ஒன்று, அடியில் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சுத் துணியை நனைத்து விரித்து, அதற்குமேல் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர். அவ்வளவுதான். ஒரு விஷயம் கவனிக்கவேண்டும்: மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் என்று கொடுப்பதில் சிலது மெழுகு பூசியது, அது தண்ணீரை மேலே விடாது. வாங்கும்போது ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள், நகத்தில் மெழுகு வந்தால் வேண்டாம். நல்ல பேப்பராக அமைந்தால் சனிக்கிழமை கலந்த பச்சை ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறக்கும்போதும் ஈரமாக இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு கண். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். மண் பொம்மை செய்யும் வீடுகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திண்ணையில் வரிசையாகச் செட்டியார் பொம்மை, கிருஷ்ணர், தசாவதாரம் எல்லாம் உடம்பு முழுக்க நிறம் பூசிக்கொண்டு, கண் மட்டும் இல்லாமல் நிற்கும். கடைசியில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கண் எழுதிக்கொண்டே போவார். கோயில் சிலைக்கும் ஸ்தபதி கடைசியில்தான் கண் திறப்பார். அந்தப் பழக்கத்தில் நானும் என் மந்திரவாதியை எல்லாம் முடித்துவிட்டு, கண்ணுக்காக வைத்திருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, இந்த அளவில் கண்ணை முதலில் எழுதுவதுதான் புத்திசாலித்தனம் என்றார். ஏனென்றால் கண்குழி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பிரஷ் எப்படியும் வெளியே வழியும். முதலிலேயே எழுதிவிட்டால் வழிந்ததை எல்லாம் தோல் நிறத்தால் மூடி, இமை வடிவத்தை வெளியிலிருந்து சரிசெய்துகொள்ளலாம். கடைசியில் எழுதினால் முடித்து வைத்த கன்னத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வோம்.

செய்முறை இது. முதலில் கண்குழியைக் கரும்பழுப்பால் நிரப்பவேண்டும். அப்புறம் தந்த நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு, சுத்த வெள்ளை வேண்டாம், சுத்த வெள்ளை வைத்தால் முழிபிதுங்கின மாதிரி ஆகிவிடும். அந்தக் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் பழுப்பு ஓரம் மயிரிழை அளவு மிச்சம் இருந்தால் அதுவே இமை. நடுவில் கருவிழிக்கு மேலிருந்து கீழாகச் சின்னதாக ஒரு கீற்று, புள்ளியாக வைக்காமல் கீற்றாக இழுத்தால் மேலிமையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ஆள் மிரண்டது போல் இருக்காது. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொள்ளவேண்டும். மூச்சை வெளியே விட்டு முடித்த அந்த இடைவெளியில் தொடவேண்டும். பிரஷ் சின்னதாக இருக்கவேண்டும் என்று நினைத்து மூன்று சைபர் போட்டதை வாங்கி வைத்திருந்தேன், அதில் பெயின்ட் முகத்துக்குப் போகும் முன்பே முனையில் காய்ந்துவிடுகிறது. முனை கூராக இருக்கும் ஒன்றாம் நம்பரே போதும், முடியின் தடித்த நடுப்பகுதியில் கொஞ்சம் ஈரம் பிடித்து வைக்கும்.

ஐந்து தடவை அழித்து ஆறாவது தடவை வந்தது. மந்திரவாதி லேசாக இடது பக்கம் பார்க்கிறார். அந்த நிமிடம் வரை அது ரெசின் துண்டு, அதற்கப்புறம் அவரை மேசையில் குப்புறப் படுக்கவைக்க எனக்குக் கை வரவில்லை.

காண்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் பற்றிக் கேட்பார்கள். கேம்ஸ் ஒர்க்ஷாப்பின் பெயின்ட் பிராண்டான சிட்டாடல் 2019-இல் அதைக் கொண்டுவந்தபிறகு வேறு நிறுவனங்களும் அதே மாதிரி விடுகின்றன. வெளிர் நிறப் பிரைமர்மேல் ஒரே பூச்சு, மேடான இடத்தில் மெலிந்தும் பள்ளத்தில் தேங்கியும் நிழலும் வெளிச்சமும் தானாகவே வந்துவிடும். இருபது எலும்புக்கூட்டை ஒரே மாலையில் முடிக்க அதைவிட நல்லது இல்லை. அண்ணன் அதை நான்காவது வாரத்தில்தான் கையில் கொடுக்கிறார், மூன்று உருவமாவது பழைய முறையில் முடித்திருக்கவேண்டும் என்கிறார். முதலில் எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. பிறகு நானே பார்த்தேன், பூச்சுப் பதம் கையில் ஏறாதவர்கள் காண்ட்ராஸ்ட்டைத் தேங்கவிட்டு, கறைபிடித்ததுபோல் காயவைத்துவிடுகிறார்கள். அவர் வரிசைதான் சரி.

பிரஷ் மட்டும் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். அறையில் இருப்பவை பலர் கை பட்டு முனை வளைந்தவை, அடிப்பூச்சுக்கு ஆகும், கண்ணுக்கு ஆகாது. கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும், ஆனால் பெயின்ட் உலோகப் பூண் வரைக்கும் ஏறக்கூடாது, ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டு முனையைக் கூராக்கி வைக்கவேண்டும். ட்ரை பிரஷ்ஷுக்கு (பெயின்டைத் துடைத்துவிட்டு மேடான இடத்தில் மட்டும் உரசுவது) இதெல்லாம் வேண்டாம், கமர்ஷியல் தெருவில் விற்கும் மேக்கப் பிரஷ் 80 ரூபாய்க்கு வாங்கினேன், இரும்புக் கவசத்துக்கு அதைவிட நன்றாக எதுவும் அமையவில்லை.

இந்த இடத்தில் ஒரு விதி இருக்கிறது. பெரிய மேசையில் விளையாட வேண்டுமென்றால் பொம்மைக்குக் குறைந்தது மூன்று நிறம் இருக்கவேண்டும், அது நிற்கும் அடித்தட்டும் முடிந்திருக்கவேண்டும். பல நாட்டுப் போட்டிகளிலும் இருக்கும் வழக்கம்தான் இது, ஆனால் ஒரு சின்ன அறையில் இதைக் கறாராக வைத்திருப்பதை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி ஆசையாக, பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்திலேயே ஆறு குள்ளர்களைக் கொண்டுவந்து, பெரிய மேசையில் வைக்கக்கூடாது என்றதும் முகம் சுண்டிப்போய் நின்றதைப் பார்த்தேன். அக்காதான் அலமாரியிலிருந்து தன்னுடைய பத்துப் பேரை எடுத்துக் கொடுத்து, "இன்னைக்கு இவங்களோட விளையாடு கண்ணு, அடுத்த வாரத்துக்குள்ள உன் ஆள் ஒருத்தனாவது ரெடியாகட்டும்" என்றார். மூன்று வாரத்தில் ஆறு குள்ளர்களும் வந்துவிட்டார்கள், ஆறு பேருக்கும் சிவப்புத் தாடி. இரவல் படை எப்போதும் இரண்டு தயாராக இருக்கிறது என்பதை அறைக்குள் நுழைந்ததுமே தெரிகிற மாதிரி எழுதிப் போட்டால் புதிதாக வருகிறவர்கள் அந்த நிமிட ஏமாற்றத்தைத் தாண்டவேண்டியிருக்காது.

ஆனால் அந்த விதி இல்லையென்றால் என் வீட்டில் இன்றைக்கும் சாம்பல் நிறப் பொம்மைகள்தான் டப்பாவில் கிடக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன். வாங்குவது சுலபம், முடிப்பதுதான் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பெரிய மேசைக்கு இன்னும் ஓர் ஆள் என்ற கணக்கு இருந்ததால் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஐந்து மாதத்தில் எட்டுப் பேர் முடிந்தார்கள்.

அடித்தட்டுக்கு டிகாக்‌ஷன் எடுத்த காபித்தூளையும் டீத்தூளையும் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். காபித்தூள் மண்ணுக்கு, டீ இலை காட்டில் உதிர்ந்து கிடக்கும் சருகுக்கு. வெயிலில் இரண்டு நாள் போட்டு, அப்புறம் வாணலியில் ஈரம் போக வறுத்து எடுக்காவிட்டால் பசைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும், எனக்கு ஒரு வில்லாளியின் காலடியில் பிடித்தது.

விளையாட்டுக்கு வருகிறேன். இங்கே அதிகம் நடப்பது ஃபிராஸ்ட்கிரேவ் என்ற ஆட்டம். 2015-இல் ஆஸ்ப்ரே என்ற பதிப்பகம் வெளியிட்டது. ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், எட்டு வீரர்கள், மொத்தம் பத்துப் பேர், மூன்றடிக்கு மூன்றடி மேசை போதும், எந்த நிறுவனத்தின் பொம்மையாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளும். அதனால்தான் இந்த அறைக்கு இது பொருந்துகிறது. பனியில் புதைந்த நகரத்தில் புதையல் எடுப்பது மூலக் கதை. இங்கே தெர்மாகோலில் செய்து வைத்திருப்பது கடல்கொண்டு மணல் மூடிய ஒரு பட்டினம்: கூரை சரிந்த கல்மண்டபம், பாதி புதைந்த கோபுரம், சுமைதாங்கிக் கல், படி உடைந்த குளம். சுமைதாங்கிக் கல்லுக்குப் பின்னால் சரியாக ஓர் ஆள் ஒளியலாம். (தெர்மாகோலில் ஸ்பிரே பெயின்ட் நேராகப் பட்டால் கரைந்து குழி விழும், முதலில் பெவிகாலும் பெயின்டும் கலந்து ஒரு பூச்சு கொடுக்கவேண்டும். கொலுவுக்கு மலை செய்கிறவர்களுக்கும் இது உதவும்.)

என் படைக்கு அரிவாளோடு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அண்ணன் கம்ப்யூட்டரில் தானே செதுக்கிக் கொடுத்தார்: முறுக்கிய மீசை, தலைப்பாகை, கணுக்காலில் சலங்கை, தோளில் சாய்த்த வீச்சரிவாள். கருப்பசாமி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டபோது மட்டும் முகம் மாறியது. "சாமியைப் பகடை உருட்டிச் சாகடிக்க வேண்டாம் தம்பி. ஊர்க் காவல்காரன்னு வச்சுக்குங்க." சரி என்றேன். இப்போது அவன் காவல்காரன்தான்.

ஒரு ஆட்டம் சொல்கிறேன். எதிரே இந்திராநகரிலிருந்து வரும் கன்னடக்காரத் தம்பி, இருவரும் பாதி தமிழ் பாதி கன்னடத்தில் பேசிக்கொண்டு விளையாடுவோம். என் சீடன் புதையலைத் தூக்கிக்கொண்டு மேசை ஓரத்தை நோக்கி நடக்கிறான். புதையல் சுமந்தால் நடை பாதியாகும், ஆறு அங்குலம் மூன்றாகிவிடும். வெட்டவெளியில் நிற்கிறான், மண்டபத்து மேல் தம்பியுடைய வில்லாளி. இருபது முகப் பகடையை இருவரும் உருட்டவேண்டும். வில்லாளிக்கு 17, அவன் எய்யும் திறமை இரண்டைக் கூட்டினால் 19. என் பகடையில் 4, சீடனுக்குச் சண்டைத் திறமை சைபர், அதனால் நான்கேதான், அம்பு பட்டுவிட்டது. 19-இலிருந்து சீடனின் கவசம் 10-ஐக் கழித்தால் ஒன்பது அடி. அவனுக்கு உயிர் பத்து. ஒன்று மிச்சம். அடுத்த சுற்றில் முதலில் மந்திரவாதிகள், அப்புறம் சீடர்கள், அதற்கும் அப்புறம்தான் மற்ற வீரர்கள் நகரவேண்டும். தன் மந்திரவாதிக்குப் பக்கத்தில் மூன்று அங்குலத்துக்குள் நிற்கும் வீரன் மட்டும் மந்திரவாதியோடு சேர்ந்தே செயல்படலாம். அந்த வில்லாளி உயரம் கிடைக்கிறதே என்று தனியாக மண்டபத்தில் ஏறியிருந்தான், மந்திரவாதி கீழே குளத்தருகில். அதனால் அவன் முறை வருவதற்குள் என் சீடன் அந்த மூன்று அங்குலத்தை நடந்து மேசையை விட்டுப் போய்விட்டான். தம்பி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான், அடுத்த வாரமே வில்லாளியை மந்திரவாதிக்குப் பக்கத்தில் நிறுத்தி என்னை நன்றாகவே அடித்தான்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்காக அக்கா இரண்டு பக்கத்தில் தமிழில் கையால் எழுதி லேமினேட் செய்து வைத்திருக்கிறார், கன்னடத்தில் இன்னொன்று. கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள், மேசையிலேயே வைத்திருக்கலாம். எங்கள் அம்மா நவராத்திரிக்கு வந்திருந்தபோது அந்தத் தமிழ்த் தாளைப் படித்துவிட்டு, தாயம் மாதிரிதானே என்று சொல்லி ஒரு ஆட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். என் மந்திரவாதியைக் கண்ணுக்கு அருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

இன்னும் சில குறைகள். முன்பதிவு எல்லாம் போன் செய்தியில்தான், இரண்டு முறை ஒரே மேசையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை நான் ஒரு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், அன்றைக்குக் கட்டணம் வாங்கவில்லை, இருந்தாலும் ஒரு நோட்டுப் போட்டு எழுதினால் தீரும் விஷயம். கழிப்பறை முதல் மாடியில், சாவி தையல்காரரிடம், ஞாயிறு மதியம் அவர் கடை சாத்தினால் சிரமம், பெண்களுக்கு இது பெரிய சிரமம் என்று அங்கே வரும் இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் விளையாடுகிறவர்கள் சத்தத்தில் பெயின்ட் அடிப்பது கஷ்டம். நுணுக்கமான வேலை இருந்தால் வியாழன் அல்லது வெள்ளி போங்கள், அறையே உங்களுக்குத்தான். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கேட்டால் வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து, பிரின்டுக்கு நான்கு, அறை வசதிக்கு இரண்டரை. வகுப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் ஒரு நாள் 250 கொடுத்து உட்கார்ந்து பாருங்கள், ஒரே ஒரு பொம்மை வாங்குங்கள், பத்தையும் ஒன்றாக வாங்காதீர்கள். அக்காவே அதற்குமேல் கொடுக்கமாட்டார்.

என் படையில் இப்போது ஒன்பது பேர் முடிந்துவிட்டார்கள். பத்தாவது அந்தக் காவல்காரன்தான். மீசை, தலைப்பாகை, சலங்கை எல்லாம் முடிந்து நிற்கிறான். அவன் ஒருவனுக்கு மட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி கண்ணைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அண்ணனிடம் சொன்னேன், வழிந்தால் கன்னம் போய்விடும் என்று தெரிந்துதானே செய்கிறீர்கள் என்று கேட்டார், ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜன்னலோர மேசையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.